வஸீர் பஹ்ராமின் பாட்டனார் யார்?
பஹ்லவூனி குலவழியைத் தேடி

ஹிஜ்ரி 535ஆம் ஆண்டு ரபீஉல் ஆகிர் மாதம், கி.பி. 1140இல், காஹிரா அரண்மனையிலிருந்து ஒரு சவ ஊர்வலம் புறப்பட்டது. கிறிஸ்தவத் துறவியர் தம் வழிபாட்டு வாசகங்களை ஓதிக்கொண்டு முன்னே சென்றனர். அவர்களைத் தொடர்ந்து வந்தவர் ஃபாத்திமிய்யா கலீஃபா அல்-ஹாஃபிழ். நகருக்கு வெளியே இருந்த அல்-கன்தக் மடாலயத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. துக்கம் காக்கும் பொருட்டு அரசின் திவான்கள் மூன்று நாட்கள் மூடப்பட்டிருந்தன. மறைந்தவர் பஹ்ராம் அல்-அர்மனி. இரண்டாண்டுகள் மிஸ்ரின் வஸீராக இருந்தவர். வாழ்வின் இறுதிவரை தம் கிறிஸ்தவ மார்க்கத்திலேயே நிலைத்தவர். எனினும் ‘ஸைஃபுல் இஸ்லாம்’ என்னும் விருதுப் பெயரைச் சுமந்தவர்.

இம்மனிதரைப் பற்றி இப்னு முயஸ்ஸரும் (மறைவு ஹி. 677) அவருக்குப் பின்வந்த அல்-மக்ரீஸியும் (மறைவு ஹி. 845) விரிவாகவே எழுதியுள்ளனர். அவர் வஸீரானது எப்படி, வீழ்ந்தது எப்படி, அவருடைய சகோதரர் எந்த ஊரின் வாலியாக இருந்தார் என்பனவெல்லாம் அவர்களிடம் கிடைக்கின்றன. அவர் தல் பாஷிர் பகுதியிலிருந்து வந்தவர் என்ற செய்தியும் உண்டு. ஆயின் ‘இப்னு’ என்னும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே தொடர வேண்டிய பெயர்வரிசை மட்டும் இல்லை. பஹ்ராம் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்று தொடராமல் ‘அல்-அர்மனி’ என்ற ஒரே நிஸ்பத்தோடு அவர் நிறுத்தப்பட்டுவிடுகிறார்.

ஒரு சாதாரண முஹத்திஸின் பெயரைக் கூட ஆறேழு தலைமுறைகளோடு பதிவு செய்த மரபு நம்முடையது. ஹிஷாம் இப்னுல் கல்பியின் (மறைவு ஹி. 204) ‘ஜம்ஹரதுன் நஸப்’ தொட்டு இப்னு ஹஸ்மின் (மறைவு ஹி. 456) ‘ஜம்ஹரது அன்ஸாபில் அரப்’ வரை, குலவழியைத் தனியொரு கலையாகவே நம் முன்னோர் வளர்த்தனர். ஆனால் அக்கலையின் எல்லை பெரும்பாலும் அரபுக் கபீலாக்களின் எல்லையே. அந்நிய இனத்தவர் எவரேனும் அரசியலில் உயர்ந்துவிட்டால் நம் வரலாற்றாசிரியர்கள் அவருடைய பதவியை அறிவார்கள், செயலை அறிவார்கள், நஸபைக் கேட்பதில்லை.

இதை வெறும் அலட்சியம் என்று கூறிவிட முடியாது. அக்கால மிஸ்ரில் ஆர்மீனியர் என்றால் பெரும்பாலும் போர்வீரர் அல்லது அடிமை வழிவந்தவர். ஹிஜ்ரி 466இல் (1074) கலீஃபா அல்-முஸ்தன்ஸிரின் அழைப்பை ஏற்று வந்து, குழப்பத்தில் மூழ்கிக் கிடந்த நாட்டை நிமிர்த்திய பத்ர் அல்-ஜமாலி அத்தகையவர்தாம். ஷாமில் ஜமாலுத் தவ்லா இப்னு அம்மார் என்பாரின் அடிமையாக இருந்ததால் ‘ஜமாலி’ ஆனவர் அவர். தந்தையின் பெயரால் அல்ல, எஜமானின் பெயரால் அறியப்பட்டவர். இன்றும் காஹிராவில் நிற்கும் பாபுன் நஸ்ர், பாபுல் ஃபுதூஹ், பாபு ஸுவைலா ஆகிய வாயில்கள் அவர் எழுப்பியவை. அவர் மகன் அல்-அஃப்ளல் 1094 முதல் 1121 வரை நாட்டை ஆண்டார். நஸபே இல்லாத ஒருவர் ஒரு வமிசத்தையே தொடங்கிவைத்தார் எனலாம். இவரைக் கண்ட கண்களுக்குப் பஹ்ராமும் அவ்வழியில் வந்த இன்னொரு ஆர்மீனியத் தளபதியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் பஹ்ராம் அடிமை வழியில் வந்தவர் அல்லர். அவருடைய பாட்டனாரைத் தேடிச் செல்வோமானால், காக்கசஸ் மலைநாட்டின் கோட்டைகளுக்கும் தேவாலயக் கல்வெட்டுகளுக்கும் நாம் செல்ல வேண்டியிருக்கிறது.

கல்லில் எழுதிய பெயர்கள்

கி.பி. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆனி நகரைத் தலைநகராகக் கொண்டு பக்ராதுனி மன்னர்கள் ஆர்மீனியாவை ஆண்டபோது, அவர்களுக்குப் படைத்தலைவர்களாக விளங்கிய குடும்பம் பஹ்லவூனி. பெயரே அதன் கோரிக்கையைச் சொல்லிவிடும். ‘பஹ்லவ்’ என்பது பார்த்தியரைக் குறிக்கும் சொல். தபரியின் வரலாற்றில் ‘அஷ்கானிய்யா’ என நாம் படிக்கும் அரசர்களின் இனம். அவ்வினத்தின் உயர்குடிகளில் ஒன்றிலிருந்து தாம் வந்ததாகவும், ஆர்மீனியாவைக் கிறிஸ்தவத்திற்குக் கொண்டுவந்த நான்காம் நூற்றாண்டின் கிரிகோர் ஞானியே தம் மூதாதை என்றும் இக்குடும்பத்தார் கூறிக்கொண்டனர்.

இக்கோரிக்கையை நாம் எப்படி மதிப்பது? கிரிகோர் ஞானியின் நேர்வழி ஆண் வாரிசு ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கத்தோலிக்கோஸ் சஹாக்கோடு முடிந்துவிட்டது. பஹ்லவூனிகள் வரலாற்றில் தெளிவாகத் தோன்றுவதோ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர். எட்டாம் நூற்றாண்டோடு மங்கிப்போன கம்ஸரகான் என்னும் பழைய பார்த்தியக் குடும்பத்தின் எச்சமே இவர்கள் என்று இக்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அது ஏற்கத்தக்க ஊகம். ஆனால் தலைமுறை தலைமுறையாக இணைத்துக் காட்டும் சங்கிலி அன்று. நஸப் என்பது பெரிதும் மனத்தில் நிற்கும் ஒன்று, அதன் பயன் அது உண்டாக்கும் பிணைப்பிலேயே இருக்கிறது என்று இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில் சொன்ன கருத்து இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தக் கோரிக்கை என்ன பயன் தந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

உறுதியான தரை கல்வெட்டுகளில்தான் கிடைக்கிறது. இக்குடும்பத்தார் கட்டடம் எழுப்புவதில் பெருவிருப்பம் கொண்டவர்கள். வஹ்ராம் பஹ்லவூனி, மர்மஷென் மடாலயத்தை 988இல் தொடங்கி 1029இல் முடித்தார். அம்பெர்த் கோட்டையில் 1026இல் தேவாலயம் கட்டினார். அவருடைய சகோதரர் மகன் கிரிகோர் 1031இல் பிஜ்னியிலும், 1033இல் கெச்சாரிஸிலும் கட்டினார். கட்டியவர் தம் பெயரோடு உறவினர் பெயர்களையும் சேர்த்துப் பொறிப்பது அந்நாட்டு வழக்கம். ஆதலால் அக்குடும்பத்தின் ‘ஷஜரா’வின் நடுப்பகுதி ஏட்டில் அல்ல, சுவரிலேயே இருக்கிறது.

அச்சுவர்களில் நம் வாசகருக்கு வியப்பூட்டும் செய்தியொன்றும் உண்டு. ஆனி நகரில் இக்குடும்பத்தாரின் தேவாலயத்திற்கு ‘அபூகம்ரெந்த்ஸ்’ என்று பெயர். ‘அபூகம்ர் வீட்டாருடையது’ என்பது பொருள். இக்குடும்பத்தில் ஒருவர் ‘அப்லகரிப்’. அதாவது அபுல் கரீப். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காந்தஸார் மடாலயத்தைக் கட்டிய வேறொரு ஆர்மீனியச் சிற்றரசரின் பெயர் ஹஸன் ஜலால் தவ்லா. இவர்களெல்லாம் தேவாலயம் கட்டிய கிறிஸ்தவர்கள்! இரு நூற்றாண்டுக் கால அரபு ஆட்சியும், அதன்பின் அண்டை அமீர்களுடனான உறவும் பகையும், அரபுக் குன்யாக்களை அம்மலைநாட்டின் உயர்குடித் தொட்டில்வரை கொண்டுசேர்த்திருந்தன. பெயரை மட்டும் வைத்து மார்க்கத்தை முடிவு செய்பவர்கள் இவர்களிடம் இடறுவார்கள்.

குலவழியை மீட்க நமக்கு உதவும் இன்னொரு வழக்கமும் உண்டு. பேரனுக்குப் பாட்டனார் பெயரைச் சூட்டுவது. நம் கடற்கரை ஊர்க் குடும்பங்களிலும் இது இன்றளவும் உள்ள வழக்கமே என்பதால் விளக்கம் வேண்டியதில்லை. ஆனியின் பிரபு கிரிகோரின் மக்களில் வஸாக், வஹ்ராம் என இருவர். 1021ஐ ஒட்டித் தைலமியர் படையெடுப்பை எதிர்த்து நின்ற வஸாக் மாண்டார். அவர் மகன்தான் மேற்சொன்ன கிரிகோர், பாட்டனாரின் பெயர். அந்தக் கிரிகோரின் மக்களில் ஒருவர் வஸாக். மீண்டும் பாட்டனாரின் பெயர். இன்னொருவர் வஹ்ராம், பாட்டனாரின் சகோதரரான தளபதியின் பெயர். கிரிகோர், வஸாக், கிரிகோர், வஸாக் என்று பெயர்கள் ஏற்றத்தின் வாளிகளைப் போல் மாறி மாறி மேலெழுகின்றன. இந்த ஒழுங்கை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கிரிகோர் மகிஸ்த்ரோஸும் அல்-மனாஸியும்

இக்குடும்பத்தின் மாபெரும் அறிஞர் அந்த இரண்டாம் கிரிகோர். கி.பி. 990ஐ ஒட்டிப் பிறந்து 1058இல் மறைந்தார். 1045இல் ஆனி நகர் பைஸாந்தியர் வசமானபோது, அவர் தம் பிஜ்னிக் கோட்டையைப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனிடம் ஒப்படைத்து, அதற்கீடாக ‘மகிஸ்த்ரோஸ்’ என்னும் பட்டத்தையும் மேல் மெஸபடோமியாப் பகுதியில் நிலங்களையும் பெற்றார். யூக்ளிடின் வடிவக்கணித நூலை ஆர்மீனிய மொழியில் பெயர்க்கத் தொடங்கியவர். எண்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியுள்ளன.

அவரைப் பற்றி ஆர்மீனியர் விரும்பிச் சொல்லும் செய்தி ஒன்று நம் கவனத்திற்குரியது. கான்ஸ்டான்டிநோபிளில் ‘மனூச்செ’ என்னும் அரபுக் கவிஞரோடு அவருக்கு வாதம் நிகழ்ந்ததாம். குர்ஆன் யாப்பில் அமைந்திருக்கிறது, இன்ஜீல் அவ்வாறில்லை, ஆகவே முன்னதே உயர்ந்தது என்று கவிஞர் வாதிட்டாராம். உடனே கிரிகோர், வேத வரலாறு முழுவதையும் நான்கே நாட்களில், ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட அடிகளில், ஒரே இயைபில் பாடி முடித்தாராம். அந்நூல் இன்றும் உள்ளது. அடிகள் யாவும் ‘இன்’ என்னும் ஒரே ஓசையில் முடிவதை நோக்கினால், அரபுக் கஸீதாவின் காஃபியாவை அவர் ஆர்மீனிய மொழிக்குள் கொண்டுவந்தார் என்பது தெற்றென விளங்கும்.

வாதத்தின் வடிவம் நமக்கு ஐயத்தை உண்டாக்குகிறது. குர்ஆன் கவிதையன்று என்று குர்ஆனே மறுத்துரைத்திருக்க, அறிவுள்ள முஸ்லிம் எவரும் அதை யாப்பு நூல் என்று பெருமை பேசியிருக்க மாட்டார். அவர் இஃஜாஸைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்; கேட்டவரோ அதை யாப்பைப் பற்றிய பேச்சாக விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். இது நம் கருத்து. ஆனால் மனூச்செ கற்பனை மனிதர் அல்லர். அவரை, மனாஸ்ஜிர்த் ஊரைச் சேர்ந்த அபூ நஸ்ர் அஹ்மத் இப்னு யூஸுஃப் அல்-மனாஸி என ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். இப்னு கல்லிகானின் ‘வஃபயாதுல் அஃயான்’ நூலில் அவருக்கு இடமுண்டு. தியார்பக்ரின் மர்வானிய அமீருக்கு வஸீராக இருந்தவர்; கான்ஸ்டான்டிநோபிளுக்குப் பலமுறை தூது சென்றவர்; திரட்டிய நூல்களை மய்யாஃபாரிகீன், ஆமித் பள்ளிவாசல்களுக்கு வக்ஃபு செய்தவர்; ஹிஜ்ரி 437இல் (1045) மறைந்தவர். காலமும் இடமும் தூதுப் பணியும் பொருந்துகின்றன. ‘மனாஸி’ என்ற நிஸ்பத், ஆர்மீனியர் நாவில் ‘மனூச்செ’ ஆயிற்று.

பெயர்கள் மொழி கடக்கும்போது இவ்வாறுதான் உருமாறும். சென்னை பாரிமுனையில் ஆர்மீனிய வணிகர் வாழ்ந்த தெரு, தமிழர் நாவில் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆகிவிட்டதை நாம் அறிவோம். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை!

ஃபுராத் கரையிலிருந்து நீலாற்றங்கரை வரை

நிலத்தை விட்டுக்கொடுத்த குடும்பம் தெற்கு நோக்கி நகர்ந்தது. 1064இல் ஸல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸ்லான் ஆனியைக் கைப்பற்றினார். 1071இல் மனாஸ்ஜிர்த் போரில் பைஸாந்தியர் நிலைகுலைந்தனர். மகிஸ்த்ரோஸின் மகன் வஸாக் அந்தாக்கியாவின் ஆளுநரானார். 1080ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கேயே கொல்லப்பட்டார். ஒரு குடும்பத்தின் மேன்மை நான்கு தலைமுறைகளில் தேய்ந்துவிடும் என்று இப்னு கல்தூன் வகுத்த கணக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஆனியின் பிரபு கிரிகோரிலிருந்து எண்ணினால் அந்தாக்கியா வஸாக் மிகச் சரியாக நான்காம் தலைமுறை. மூதாதையர் கோட்டை ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

ஆனால் இக்குடும்பம் அக்கணக்கை மீறியது. வஸாக்கின் சகோதரர் வஹ்ராம், துறவு பூண்டு, 1066இல் இரண்டாம் கிரிகோர் என்ற பெயரோடு ஆர்மீனியத் திருச்சபையின் தலைவராக, கத்தோலிக்கோஸாக ஆனார். இவரே ஷஹீதுகளின் வரலாறுகளைத் தேடித் திரட்டியதால் ‘வ்கயஸெர்’, அதாவது உயிர்த்தியாகிகளை நேசிப்பவர், எனப் புகழப்பட்டவர். பத்ர் அல்-ஜமாலியின் ஆட்சிக்காலத்தில் இவர் மிஸ்ருக்கு வந்தார். அங்குக் குடியேறியிருந்த ஆர்மீனியர்களுக்குத் தம் உறவினராகிய இன்னொரு கிரிகோரைத் தலைவராக அமர்த்திச் சென்றார். எடெஸ்ஸாவின் மத்தேயு என்னும் ஆர்மீனிய வரலாற்றாசிரியர் இப்பயணத்தைப் பதிவு செய்துள்ளார். பின்னர் ஃபுராத் நதிக்கு மேற்கே கைஸூன் பகுதியில் ஆர்மீனியத் தலைவர் கோக் வஸில் என்பாரின் ஆதரவில் வாழ்ந்து 1105இல் மறைந்தார்.

இப்போது பஹ்ராமிடம் திரும்புவோம். அல்-ஹாஃபிழின் காலத்தில் அவர் அல்-கர்பிய்யா மாகாணத்தின் வாலி. ஹிஜ்ரி 529இல் (1135) கலீஃபாவின் மகன் ஹஸன் அதிகாரத்தைப் பறித்து அமீர்கள் பலரைக் கொன்றபோது படைகள் அரண்மனையைச் சூழ்ந்தன. மகனை நஞ்சூட்டிக் கொல்லும் நிலைக்குத் தந்தை தள்ளப்பட்டார். அந்தக் கொந்தளிப்பில் ஆர்மீனியப் படையோடு தலைநகருக்கு வந்த பஹ்ராம் வஸீரானார்.

எதிர்ப்பு எழுந்தது. பெருநாள் குத்பாவின்போது வஸீர் இமாமுடன் மிம்பரில் ஏறித் திரையைப் பூட்ட வேண்டும். காழிகள் வஸீரின் பிரதிநிதிகளாகக் கருதப்படுவர். ஒரு கிறிஸ்தவர் இவற்றை எங்ஙனம் செய்வார் என்று வினவினர். மிம்பர் பணியைக் காழி பார்த்துக்கொள்வார், ஷரீஅத் சார்ந்த ஆவணங்களில் வஸீரின் பெயர் வரத் தேவையில்லை என்ற கருத்தில் கலீஃபா விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. மேடைப் பேச்சுகளில் சிலர் இந்நியமனத்தைச் சமயப் பொறைக்கு எடுத்துக்காட்டாக முன்வைக்கின்றனர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் தயங்குகிறோம். வாள்கள் உருவப்பட்டிருந்த நாட்களில் நிகழ்ந்த நியமனம் அது. சட்ட நுணுக்கம் பின்னால் தேடப்பட்டது.

பஹ்ராம் தம் இனத்தாரைப் பெருந்தொகையாக வரவழைத்தார். முப்பதாயிரம் பேர் என்று கூறப்படுகிறது. தேவாலயங்கள் பெருகின. தம் சகோதரர் பாஸாக்கை மேல் மிஸ்ரின் தலைநகரான கூஸின் வாலியாக நியமித்தார். அவருடைய கொடுமையைப் பற்றிய முறையீடுகள் குவிந்தன. இதைக் கண்ட மக்களின் அச்சத்தையும் வெறுப்பையும் ரிள்வான் இப்னுல் வலக்ஷீ என்னும் ஸுன்னி அமீர் திரட்டினார். 1137இன் தொடக்கத்தில் அவருடைய படை ஈட்டி முனைகளில் குர்ஆன் பிரதிகளை உயர்த்தியதும் பஹ்ராமின் படையிலிருந்த முஸ்லிம் வீரர்கள் விலகி எதிரணி சேர்ந்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆர்மீனியருடன் பஹ்ராம் தெற்கே கூஸுக்கு ஓடினார். ஊரார் அதற்குள் பாஸாக்கைக் கொன்றுவிட்டிருந்தனர். பஹ்ராம் அவ்வூரைப் பழிதீர்த்தார். அஸ்வானின் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. இறுதியில் அமான் பெற்று அக்மீமை அடுத்த ஒரு மடாலயத்தில் ஒதுங்கினார். ரிள்வான் 1139இல் வீழ்ந்தபின் கலீஃபா அவரை அரண்மனைக்கே வரவழைத்து வைத்துக்கொண்டார். அதற்கடுத்த ஆண்டில்தான் அந்தச் சவ ஊர்வலம்.

இரு பெயர்களின் சாட்சியம்

அரபு மொழியில் ‘வ’கரத்தின் உதட்டுப்பல் ஒலி இல்லை. அவ்வொலியோடு வரும் அந்நியப் பெயர்களைப் பெரும்பாலும் ‘பா’ எழுத்தால் எழுதுவர். பஹ்ராம் என்பது ஆர்மீனியரின் வஹ்ராமே. பாரசீகத்திலும் பழைய வடிவம் வகரத்தில்தான் தொடங்கியது. பாஸாக் என்பது வஸாக். ஆக, காஹிராவின் வஸீரும் கூஸின் வாலியும் வஹ்ராம், வஸாக் என்னும் சகோதரர்கள். ஆனியின் பிரபு கிரிகோரின் இரு மக்கள் வஸாக், வஹ்ராம். மகிஸ்த்ரோஸின் இரு மக்களும் வஸாக், வஹ்ராம். இப்போது மூன்றாம் முறையாக அதே இணை!

இதனடிப்படையில், வஸீர் பஹ்ராமை அந்தாக்கியா ஆளுநர் வஸாக்கின் பேரனாகவும், கத்தோலிக்கோஸ் இரண்டாம் கிரிகோரைச் சிறிய பாட்டனாராகக் கொண்டவராகவும், மிஸ்ரில் அமர்த்தப்பட்ட கிரிகோருக்கு நெருங்கிய உறவினராகவும் ஆய்வாளர்கள் கொள்கின்றனர். உறவின் படிநிலையில் அவர்களிடையே வேறுபாடு உண்டு.

இம்முடிவை நாம் எவ்வளவு நம்பலாம்? வஹ்ராம் ஆர்மீனியரிடையே அரிய பெயரன்று. வஸாக்கும் ஸ்யூனிக் போன்ற வேறு பிரபுக் குடும்பங்களில் வழங்கிய பெயரே. ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஷஜரா எழுதினால், எந்தக் குடும்பத்தையும் எந்தக் குடும்பத்தோடும் சேர்த்துவிடலாம். அவ்வாறு சேர்க்கப்பட்டவை நம்மிடையேயும் குறைவில்லை. இங்கே வலுவைத் தருவது ஒரு பெயரன்று, பெயர்களின் இணை. அதனோடு இடமும் சேர்கிறது. தல் பாஷிர், கைஸூன், பின்னாளில் கத்தோலிக்கோஸ்களின் இருக்கையான கல்அத்துர் ரூம் ஆகிய மூன்றும் ஃபுராத்தை ஒட்டிய ஒரே நிலப்பரப்பில் உள்ளவை. பஹ்லவூனிகள் தெற்கே நகர்ந்து வந்து தங்கிய பரப்பும் அதுவே. மூன்றாவதாக, மிஸ்ரின் ஆர்மீனியத் திருச்சபை ஏற்கெனவே அக்குடும்பத்தின் கையில் இருந்தது. ஹதீஸ் கலையின் வழக்கில் சொல்வதானால், இது முதவாத்திர் அன்று. ஆனால் வெவ்வேறு வழிகளில் வந்து ஒன்றையொன்று தாங்கும் செய்திகள். நம் அளவில் இதை ஏற்கலாம் என்றே எண்ணுகிறோம். ‘சந்தேகத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது’ என்று எழுதுவோரோடு மட்டும் உடன்பட இயலாது.

ஒரு முரண் இங்கே கவனத்தைக் கவர்கிறது. பஹ்ராமின் நஸபை எவரும் கேட்கவில்லை. அவரை நியமித்தவரின் நஸபோ உலகமே வாதித்த பொருள். ஃபாத்திமிய்யாக்கள் அன்னை ஃபாத்திமாவின் (ரலி) வழிவந்தோர் அல்லர் என்று பக்தாதில் ஹிஜ்ரி 402இல் (1011) அறிஞர்கள் கையொப்பமிட்ட அறிக்கையே வெளியாயிற்று. இப்னு கல்தூன் அதை மறுத்து அவர்களுக்காக வாதிட்டார். மேலும், அல்-ஹாஃபிழ் முந்தைய கலீஃபா அல்-ஆமிரின் மகன் அல்லர். அவருடைய தந்தையின் சகோதரர் மகன். தந்தையிடமிருந்து மகனுக்கே இமாமத் செல்லும் என்ற கோட்பாட்டால் நின்ற அரசில் இது பெரும் பிளவை உண்டாக்கியது. அல்-ஆமிரின் மகன் தய்யிபே உண்மை இமாம் என்று யமன் நாட்டு இஸ்மாயீலிகள் பிரிந்து சென்றனர். தம் குலவழியாலேயே நாற்புறமும் வினவப்பட்ட ஒருவருக்கு, குலவழியைப் பற்றி மூச்சும் விடாத ஓர் அந்நியர் உற்ற துணையாக இருந்தார்.

கத்தோலிக்கோஸ் பதவியும் பெண்வழியும்

கிரிகோர் ஞானியின் வழித்தோன்றல் என்ற கோரிக்கை என்ன பயன் தந்தது என்று முன்னர் கேட்டோம். பயன் இதுவே: 1066 தொடங்கி 1203 வரை, 137 ஆண்டுகள், கத்தோலிக்கோஸ் பதவி இந்த ஒரு குடும்பத்தைவிட்டு அகலவில்லை. துறவிகளுக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே பதவி சிற்றப்பனிடமிருந்தோ தாய்மாமனிடமிருந்தோ மருமகனுக்குச் சென்றது. ஆதிகாலத்தில் ஞானியின் வீட்டாரே இப்பதவியை வகித்தனர், அவ்வழி மீண்டிருக்கிறது என்பது அவர்களின் நியாயம். 1113இல் ஏறத்தாழ இருபது வயதே ஆன மூன்றாம் கிரிகோர் அமர்த்தப்பட்டபோது, அக்தமார் தீவின் ஆயர் பொறுக்கமாட்டாமல் தனிப் பதவியையே நிறுவிக்கொண்டார். நஸபின் கோரிக்கை ஒரு திருச்சபையைப் பிளக்கும் அளவுக்கு விலை கேட்டது.

அந்த மூன்றாம் கிரிகோரும் அவருக்குப் பின் 1166 முதல் 1173 வரை பதவி வகித்த பெருங்கவிஞர் நெர்ஸெஸ் ஷ்னோர்ஹாலியும் சகோதரர்கள். அவர்களுடைய தந்தை அபிராத், மகிஸ்த்ரோஸின் மகள் வயிற்றுப் பேரன். தந்தைவழி நஸபை மட்டும் எண்ணும் நம் முறைப்படி அவர்கள் மகிஸ்த்ரோஸின் வழியினர் ஆகமாட்டார்கள். அவர்களோ தயங்காமல் அவ்வழியையே கூறினர். நெர்ஸெஸ் தம் இளமையில் 1121இல் யாத்த வரலாற்றுக் காவியத்தில் குலப்பெருமையைப் பாடியும் வைத்தார்.

இவர்களின் காலத்தில்தான் 1150ஐ ஒட்டிக் கல்அத்துர் ரூம் கோட்டை, ஹலபில் சிறைப்பட்டிருந்த இரண்டாம் ஜோஸ்லினின் குடும்பத்தாரிடமிருந்து கத்தோலிக்கோஸ் வசம் வந்தது. 1292இல் மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீல் கைப்பற்றி ‘கல்அத்துல் முஸ்லிமீன்’ என்று பெயர் மாற்றும்வரை திருச்சபையின் இருக்கை அதுவே. மிஸ்ரின் ஆர்மீனியர் நிலையோ அதற்கு முன்பே மாறிவிட்டது. ஃபாத்திமிய்யா படையின் ஆர்மீனிய வில்லாளிகள் 1169இல் ஸலாஹுத்தீனின் எதிரணியில் நின்று அழிந்தனர், குடியிருப்பு எரியூட்டப்பட்டது.

இருப்பினும் அரபு ஏடுகளில் இக்குடும்பத்தின் பெயர் இன்னொரு முறை தோன்றுகிறது. 1190இல் ஜெர்மானியப் பேரரசர் ஃபிரெடெரிக் பெரும்படையோடு அனதோலியாவைக் கடந்து வந்தபோது, அவருடைய நகர்வையும் அவர் ஆற்றில் இறந்ததையும் தெரிவித்து ஸலாஹுத்தீனுக்குக் கடிதம் எழுதியவர் கல்அத்துர் ரூம் கோட்டையின் ஆர்மீனியத் தலைவர். சுல்தானின் உடனிருந்த காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத், ‘அந்நவாதிருஸ் ஸுல்தானிய்யா’ நூலில் அக்கடிதத்தைச் சேர்த்துள்ளார். எழுதியவரைக் ‘காகீகூஸ்’ எனக் குறிப்பிட்டு, அச்சொல்லுக்குக் கலீஃபா என்று விளக்கமும் தருகிறார். அது கத்தோலிக்கோஸ் என்னும் பதவிப் பெயரே. அதனோடு நிற்காமல் மனிதரின் பெயரையும் தருகிறார்: ‘பர் கிரீகூர் இப்னு பாஸீல்’. 1173 முதல் 1193 வரை பதவியில் இருந்த நான்காம் கிரிகோர், நெர்ஸெஸின் சகோதரர் வஸிலின் மகன். இங்கும் வகரம் ‘பா’ ஆகியிருக்கிறது. முன்னிற்கும் ‘பர்’ என்பது, ஆர்மீனியர் தம் திருச்சபைத் தலைவர் பெயருக்கு முன் வைக்கும் ‘தேர்’ என்னும் மரியாதைச் சொல்லாகவே இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். கையெழுத்துப் பிரதிகளில் ‘தா’ எழுத்து ‘பா’வாகப் படிக்கப்படுவது அரிதன்று. வஸீர் பஹ்ராமுக்கு எவரும் எழுதாத ‘இப்னு’வை, அரை நூற்றாண்டு கழித்து, அவர் குடும்பத்தார் ஒருவருக்குக் காழி இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார்.